மந்திரி எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

பாடாலூரில் பஸ் ஏறி, சென்னை போகும் நெடுஞ்சாலையிலேயே பெரம்பலூரையும் தாண்டிப் போனால் எறையூர் பக்கம் போய்ச் சேரலாம். பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு எறையூர் என்றால் நேற்று வரை சர்க்கரை ஆலைதான். 2022 நவம்பரில் அங்கே சிப்காட் வளாகத்தில் காலணிப் பூங்கா ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கோத்தாரி குழுமத்தோடு கூட்டு சேர்ந்தவை தைவான் ஷூ கம்பெனிகள். தைவான்காரர் பேசுவது மாண்டரின், வேலைக்குப் போகும் நம்மூர்ப் பெண்கள் பேசுவது தமிழ். நடுவில் பாலம் எது? இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத இங்கிலீஷ்!

ஒரு மாண்டரின்காரர் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, அதில் பரீட்சையும் எழுதித் தேறுவது என்பது சுமார் 150 வருடக் கதை. அந்தக் கதையில் கேள்வித்தாள் போடுகிறவர் ஒரு பக்கம், டியூஷன் வாத்தியார் மறு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் மாணவர்.

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம். 'மாண்டரின்' என்பது சீனச் சொல்லே கிடையாது. சீன அரசின் பெரிய அதிகாரிகளைப் போர்த்துக்கீசியர் 'மந்தரிம்' என்று அழைத்தார்கள். அவர்களுக்கு அது மலாய் மொழியின் 'மெந்தெரி'யிலிருந்து கிடைத்தது. மெந்தெரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வடமொழி வழியாக வந்த நம்ம மந்திரியேதான்! மந்திரிமார் பேசிய மொழி மாண்டரின் ஆகிவிட்டது. சீனர்கள் அதை 'பொதுப் பேச்சு' என்று பொருள்படும் 'புதோங்ஹுவா' என்கிறார்கள்.

அந்த மந்திரிமார் பதவிக்கு வந்ததே பரீட்சை எழுதித்தான். பழைய நூல்களை மனப்பாடம் செய்து, எட்டு பகுதிகளாக இப்படி இப்படித்தான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு கட்டுரை எழுத வேண்டும். நல்ல மார்க் வாங்கிய மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டு விற்கும் வியாபாரம் மிங் வம்சக் காலத்திலேயே அமோகமாக நடந்தது. நம்மூர் கோனார் உரையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். பிரிட்டிஷ்காரர்கள் 1855-ல் லண்டனில் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு தொடங்கியதிலும் சீன முறையின் தாக்கம் உண்டு என்று தெங் சூ-யூ என்ற வரலாற்றாசிரியர் 1943-ல் விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆக, ஐ.சி.எஸ்.ஸுக்காக விழுந்து விழுந்து படித்த மயிலாப்பூர்ப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்ததில் சீனாவுக்கும் பங்கு உண்டு :-)

அந்த மந்திரிகளின் நாட்டுக்குள் இங்கிலீஷ் ஆசையோடு வரவில்லை, தோல்வியோடு வந்தது. 1858-ல் கையெழுத்தான தியன்ஜின் உடன்படிக்கையில் பிரிட்டன் ஒரு நிபந்தனை போட்டது. சீன வாசகத்துக்கும் இங்கிலீஷ் வாசகத்துக்கும் வேறுபாடு வந்தால் இங்கிலீஷ் வாசகமே செல்லும். இதை யோசித்துப் பாருங்கள். நாம் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நாமே படிக்க முடியாது, எதிராளி படித்துச் சொல்வதுதான் அர்த்தம்! கணக்குப் புத்தகத்தை எதிர்க் கட்சிக்காரரிடமே கொடுத்து ஆடிட் செய்யச் சொன்ன மாதிரி. வேறு வழியில்லாமல் 1862-ல் பீஜிங்கில் 'தோங்வென் குவான்' என்ற அரசு மொழிப் பள்ளியைத் திறந்தார்கள். முதலில் சேர்ந்த மாணவர்கள் சுமார் 10 பேர். வாத்தியார்கள் மிஷனரிகள். கௌரவமான குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்கின. காரணம் எளிமையானது, பதவி தரும் பரீட்சையில் இங்கிலீஷுக்கு மார்க் இல்லை. மார்க் இல்லாத பாடத்தை யார் படிப்பார்கள்?

1905-ல் சீன அரசு அந்தப் பழைய பரீட்சையையே ஒழித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஏணி ஒரே ஆணையில் போய்விட்டது. நாலைந்து வருடங்களில் புதிய ஏணி வந்தது. பாக்ஸர் கலகத்துக்காகச் சீனா கட்டிவந்த அபராதத்தில் ஒரு பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. அந்தப் பணத்தில் சீன மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பப் பரீட்சை வைத்தார்கள். 1909-ல் முதல் பரீட்சை. எழுதியவர்கள் 600-க்கும் மேல், தேறியவர்கள் 47. இப்போது இங்கிலீஷுக்கு மார்க் உண்டு.

1910-ல் நடந்த இரண்டாவது பரீட்சையை எழுதியவர்களில் ஒருவர் ஹூ ஷி. பின்னாளில் இலக்கணச் சீனத்தை விட்டுவிட்டுப் பேச்சு மொழியில் எழுத வேண்டும் என்று இயக்கமே நடத்தியவர். அந்த வருடம் அவருக்கு 18 வயது. ஷாங்காயில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், கூடாத சகவாசத்தில் குடிப்பழக்கமும் சேர்ந்திருந்தது. ஓர் இரவு போதையில் போலீஸ்காரரோடு கைகலந்து லாக்கப்பில் கிடந்தார். அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தவருக்குப் புத்தி வந்தது. வேலையை விட்டுவிட்டு ஒன்றிரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். டியூஷன் வாத்தியாருக்கு டியூஷன் வாத்தியார் கிடையாது.

பரீட்சையில் நடந்ததுதான் வேடிக்கை. சீனக் கட்டுரையின் தலைப்பு காம்பஸையும் மூலைமட்டத்தையும் பற்றிய ஒரு பழைய வாசகம். ஹூ ஷி அறிவுரை எழுதவில்லை. காம்பஸ் முதலில் வந்ததா, மூலைமட்டம் முதலில் வந்ததா என்று ஆராய்ச்சி செய்து எழுதிவைத்தார். திருத்தியவருக்கும் ஆராய்ச்சிக் கிறுக்கு இருந்திருக்க வேண்டும், 100-க்கு 100 போட்டுவிட்டார்! இங்கிலீஷில் 60. முதல் சுற்றில் பத்தாம் இடம். அடுத்த சுற்றில் அறிவியல் பாடங்களில் சறுக்கி, தேர்வான 70 பேரில் 55-ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். அதாவது அவரை அமெரிக்கா அனுப்பியது இங்கிலீஷ் மார்க் அல்ல, சீன மார்க்!

இதற்கு நேர் எதிரான ஒரு மாணவரும் அதே காலத்தில் இருந்தார். பதவி இழந்த பேரரசர் பு யி. அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க 1919-ல் ரெஜினால்ட் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரை அரண்மனைக்குள் அழைத்து வந்தார்கள். மாண்டரின் பேசும் ஒருவருக்கு இங்கிலீஷ் டியூஷன் என்றால் உலகமே அறிந்த உதாரணம் இதுதான், சினிமாவாகவும் வந்துவிட்டது. ஆனால் அந்த டியூஷனுக்கு முடிவில் பரீட்சையே இல்லை. பேரரசரை ஃபெயில் ஆக்குவது யார்? மூக்குக்கண்ணாடி, சைக்கிள், டெலிபோன், 'ஹென்றி' என்ற பெயர் என்று அந்தப் பையனுக்கு இங்கிலீஷோடு ஓர் உலகமே வந்தது. டெலிபோன் வந்த புதிதில் பு யி கூப்பிட்டுப் பேசியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து திரும்பிப் பேராசிரியராகியிருந்த ஹூ ஷி. 1922-ல் ஹூ ஷி அரண்மனைக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். வாத்தியார் இருந்து பரீட்சை இல்லாதவரும், பரீட்சை இருந்து வாத்தியார் இல்லாதவரும் நேருக்கு நேர் உட்கார்ந்த அந்தச் சந்திப்பு, வரலாற்றுப் புத்தகங்களில் ஓரமாகத்தான் கிடக்கிறது.

சரி, ஒரு மாண்டரின்காரருக்கு இங்கிலீஷில் என்னதான் கஷ்டம்? தமிழ் வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் முதலில் திகைப்பது காலத்தில்தான். வந்தான், வருகிறான், வருவான் என்று வினைச்சொல்லுக்குள்ளேயே காலத்தை வைத்துப் பழகியவர்கள் நாம். மாண்டரினில் வினைச்சொல் மாறவே மாறாது. 'நேற்று' என்று ஒரு சொல் போட்டால் போதும், வினை அப்படியே நிற்கும். அதனால் இங்கிலீஷில் இறந்தகாலத்துக்கு வால் சேர்ப்பது அவர்களுக்கு வீண் வேலையாகத் தெரியும். நேற்று என்றுதான் சொல்லிவிட்டோமே, அப்புறம் எதற்கு?

அடுத்தது அவன்-அவள் குழப்பம். மாண்டரினில் இரண்டும் 'தா' என்ற ஒரே ஒலி. எழுத்தில்கூட முன்பு ஒன்றாகத்தான் இருந்தது. லியூ பான்னோங் என்ற கவிஞரும் அவர் காலத்தவரும் 1920-ஐ ஒட்டிப் பெண்ணுக்கென்று தனி எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒலி மட்டும் மாறவில்லை. எனவே பிரமாதமாக இங்கிலீஷ் பேசும் சீனர்கூட அவசரத்தில் தன் மனைவியை 'அவன்' என்று சொல்லிவிடுவார். இது அறியாமை அல்ல, நாக்கின் பழக்கம்.

ஒற்றுமைகளும் உண்டு. இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வரும் 'எ', 'தி' சமாச்சாரம் தமிழிலும் இல்லை, மாண்டரினிலும் இல்லை. இரண்டு பேரும் அதில் ஒரே மாதிரி இடறி விழுவார்கள். மெய்யொலியில் முடியும் சொல்லை நாம் 'பஸ்ஸு', 'ரோடு' என்று உகரம் போட்டு முடிக்கிறோம். மாண்டரினில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியிலோ 'ன்', 'ங்' ஒலியிலோதான் முடியும். எனவே அவர்களும் கடைசியில் ஓர் உயிரை ஒட்டிக்கொள்வார்கள். இன்னொரு ஆச்சரியம் நம்ம ழகரம். மாண்டரினின் 'ர்' ஒலிக்கும் தமிழின் 'ழ்' ஒலிக்கும் ஒலியியலார் பெரும்பாலும் ஒரே குறியைத்தான் போடுகிறார்கள். நம்மில் பாதிப் பேர் 'வாளைப்பளம்' சாப்பிடுகிறோம், பீஜிங்காரர் ஒழுங்காக 'ழ்' சொல்கிறார். இதை எங்கே போய்ச் சொல்வது!

இந்தக் கஷ்டங்களையெல்லாம் நிதானமாகத் தீர்ப்பதுதான் வாத்தியார் வேலை. ஆனால் நடுவில் பரீட்சை வந்து உட்கார்ந்தால் வேலையே வேறாகிவிடுகிறது.

இங்கிலீஷ் தெரியாத நாட்டினருக்கென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதன்முதலில் பரீட்சை வைத்தது 1913-ல். மொத்தம் 12 மணி நேரம். எழுதியவர்கள் 3 பேர், மூன்று பேருமே ஃபெயில். பிறகு 1964-ல் அமெரிக்காவில் டோஃபல் வந்தது, 1989-ல் ஐ.இ.எல்.டி.எஸ். வந்தது. சீனா இந்தப் பக்கம் திரும்பத் தாமதமானது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மூடிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை 1977-ல் மறுபடி திறந்தார்கள். 1981-ல் டோஃபல் சீனாவுக்குள் வந்தது. 1982-ல் பி.பி.சி.யின் இங்கிலீஷ் பாடத் தொடரைச் சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்ப, ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்தது.

இதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் வேறு விதமாக ஒரு கதவு மூடிக்கொண்டிருந்தது. அங்கே மாண்டரின் வழியில் பாடம் நடத்த 1950-களில் மக்களே பணம் போட்டு நன்யாங் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். ரிக்‌ஷா இழுப்பவர்கள்கூடக் கூலியைக் கொடுத்த பல்கலைக்கழகம் அது. 1975-ல் அது இங்கிலீஷ் வழிக்கு மாற்றப்பட்டது, 1980-ல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து மறைந்தது. மாண்டரினிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகள் திடீரென்று இங்கிலீஷில் எழுதித் தேற வேண்டியதானது. தமிழுக்கும் அதே கதிதான். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் இங்கிலீஷே முதல் மொழி. வேலை கிடைத்தது என்பது உண்மை. வீட்டில் தாத்தா பேசியது பேரனுக்குப் புரியாமல் போனதும் உண்மை.

இனி வணிகவியல் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி. யூ மின்ஹோங் என்பவர் ஜியாங்சு மாகாணத்து விவசாயி மகன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றார், முதல் முறை இங்கிலீஷில் வாங்கியது 33 மார்க்! 1980-ல் மூன்றாவது முயற்சியில் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, பின்னர் அங்கேயே இங்கிலீஷ் ஆசிரியரானார். அமெரிக்கா போக வருடக்கணக்கில் முயன்றார், முடியவில்லை. வெளியே டியூஷன் எடுத்ததற்காகப் பல்கலைக்கழகம் அவரைக் கண்டித்து ஒலிபெருக்கியில் அறிவித்தது. மானம் போயிற்று, 1991-ல் வேலையை விட்டார். பீஜிங் குளிரில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போஸ்டர் ஒட்டி ஆள் பிடித்தார். 1993-ல் 'நியூ ஓரியண்டல்' பிறந்தது. தான் போக முடியாத அமெரிக்காவுக்கு மற்றவர்களை அனுப்புவதே தொழிலாகிவிட்டது.

பெரிய கூடங்களில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியார் ஜோக் அடித்துக்கொண்டே தந்திரம் சொல்லித்தருவார். அந்தக் காலத்து டோஃபல் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாள், வாய் திறந்து பேசும் பகுதியே கிடையாது. நான்கு விடைகளையும் பார்த்தாலே எது சரி என்று வாடை பிடிக்கப் பழக்கினார்கள். யூ மின்ஹோங் தொகுத்த சொற்பட்டியல் புத்தகத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'சிவப்புப் பொக்கிஷப் புத்தகம்'. அப்பா தலைமுறை மாவோவின் மேற்கோள் நூலை அதே பெயரில்தான் கையில் வைத்திருந்தது!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குழப்பம் ஆரம்பித்தது. மதிப்பெண் சிகரத்தில் இருக்கிறது, ஆள் வந்து இறங்கினால் வகுப்பில் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். ஏமாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. டோஃபல், ஜி.ஆர்.இ. நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் 2001-ல் நியூ ஓரியண்டல் மீது பீஜிங்கில் வழக்குப் போட்டது. தன் பழைய கேள்வித்தாள்களை அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்றார்கள் என்பது புகார். 2003-ல் சுமார் 1 கோடி யுவான் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2004-ல் மேல்முறையீட்டில் காப்புரிமை மீறல் உறுதியானது, ஆனால் புத்தக அட்டையில் 'டோஃபல்' என்று போட்டது வணிகக்குறி மீறல் ஆகாது என்று சொல்லித் தொகையைக் குறைத்தார்கள். என்ன பரீட்சைக்கான புத்தகம் என்று அட்டையில் சொல்லாமல் எப்படி விற்பது என்பது நியாயமான கேள்விதானே.

நடுவே 2002-ல் இன்னொரு கூத்து. கணினியில் ஜி.ஆர்.இ. எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவில் இருந்த கேள்விகளை இணையத்தில் எழுதிவைத்தார்கள். அடுத்த வாரம் எழுதப் போகிறவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு போவார், அதே கேள்வி வந்து நிற்கும். இந்தத் தொகுப்புகளுக்குச் சீன மாணவர்கள் வைத்த பெயர் 'ஜி-ஜிங்'. 'ஜி' என்றால் இயந்திரம். 'ஜிங்' என்பது பௌத்த சூத்திரங்களுக்கும் பழைய வேத நூல்களுக்கும் வைக்கிற சொல். ஆக, கணினி வேதம்! ஈ.டி.எஸ். கோபத்தில் சீனா, ஹாங்காங், தைவான், தென்கொரியாவில் கணினித் தேர்வை நிறுத்திவிட்டுப் பழையபடி தாளுக்குத் திரும்பியது.

இதில் யார் குற்றவாளி? எழுதி முடித்த கேள்வியை வெளியே சொன்னது விதிமீறல், சந்தேகமில்லை. ஆனால் ஒரே கேள்விக் குவியலைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, மனப்பாடத்தையே படிப்பாக வளர்த்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை. பத்து மார்க் கேள்விகளை டப்பா அடித்தே பிளஸ் டூவைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒழுங்காகப் படித்து எழுதிய மாணவர்தான் பாவம். அவருடைய உண்மையான மார்க்கையும் சேர்த்தே சந்தேகப்பட்டார்கள். 2005-ல் டோஃபலை இணைய வழிக்கு மாற்றிப் பேச்சுப் பகுதியையும் சேர்த்தார்கள். டியூஷன் நிலையங்கள் என்ன செய்தன? பேச்சுக்கும் அச்சு வார்ப்பு தயாரித்தன. முதல் 15 விநாடிக்கு இந்த வாக்கியம், அடுத்ததற்கு அந்த வாக்கியம். எட்டுப் பகுதிக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது, இந்த முறை இங்கிலீஷில்!

2006-ல் நியூ ஓரியண்டல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. பசை வாளி தூக்கியவர் கோடீஸ்வரர். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்க டியூஷனைத் தடை செய்தது. பங்கு விலை பாதாளத்தில் விழுந்தது. 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக 2022 ஜனவரியில் யூ மின்ஹோங்கே சொன்னார். மூடிய மையங்களின் மேசை நாற்காலிகள் கிராமப் பள்ளிகளுக்குப் போயின. மிஞ்சிய வாத்தியார்களை வைத்து அவர் தொடங்கியது இணைய நேரலையில் விவசாயப் பொருள் விற்பனை. 2022 ஜூனில் தோங் யூஹுய் என்ற வாத்தியார், ஒரு கையில் சின்ன வெள்ளைப் பலகை, முன்னால் மாட்டிறைச்சித் துண்டு, அரிசி மூட்டை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் இங்கிலீஷ் சொல்லி, நடுவில் கவிதையும் ஊர்க்கதையும் பேசி விற்றார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பரீட்சை இல்லை, மார்க் இல்லை, வகுப்பு மட்டும் நடந்தது. அரிசியும் விற்றது!

இப்போது சக்கரம் மறுபக்கமும் சுற்றுகிறது. வெளிநாட்டினருக்காகச் சீனா நடத்தும் மாண்டரின் பரீட்சைக்கு ஹெச்.எஸ்.கே. என்று பெயர், 1990-லிருந்து முறையாக நடக்கிறது. சீனாவில் டாக்டருக்குப் படிக்கப் போன இந்திய மாணவர்கள் கொரோனாவுக்கு முன்னால் சுமார் 23,000 பேர். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிசம். பாடம் இங்கிலீஷில் நடந்தாலும் நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாதே? அதனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஹெச்.எஸ்.கே. நான்காம் நிலை கேட்கிறார்கள். 2010-ல் வந்த பாடத்திட்டப்படி அதற்கு 1,200 சொற்கள். டியூஷன் உண்டு, பழைய கேள்வித்தாள் உண்டு, மாதிரி விடை உண்டு. சொற்களை டப்பா அடித்துவிடலாம், ஆனால் மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். குரலைத் தாழ்த்தி மேலே தூக்கி 'மாய்' என்றால் வாங்குவது. மேலிருந்து சட்டென்று கீழே இறக்கி 'மாய்' என்றால் விற்பது. எறையூர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைக்கிற பி.காம்.காரர்கள் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது வாத்தியாரிடம் கேட்டுச் சரியாகப் பழகிக்கொள்வது நல்லது.